ஒரே அறை, ஒரே காற்று: சளிக்காய்ச்சல் நமக்கு எப்படி வருது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கேன்.)

வழக்கமா இந்த நிகழ்ச்சியில ஏதாவது ஒரு டெக்னாலஜியைப் பிரிச்சுப் பார்ப்போம். இன்னைக்கு எடுத்துக்கப் போறது காற்று. உங்க ரூம்ல இப்போ இருக்கிற அதே சாதாரணக் காற்றுதான்.

இதுக்குக் காரணம் எங்க ஆயா.

எங்க ஊர் வெள்ளிமலை. கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணைப் பக்கமா மலை ஏறினா வரும். கல்வராயன் மலை. மார்கழி, தை மாசம் ராத்திரி அங்க குளிர் நல்லாவே இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சென்னையில வெள்ளிக்கிழமை ராத்திரி ஏசி பஸ் ஏறி, காலையில கள்ளக்குறிச்சியில இறங்கி, மலை பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தொண்டை லேசா கரகரன்னு இருந்துச்சு. ராத்திரி உடம்பு வலி.

நான் பொறுப்பில்லாம இருக்கலைங்க. எனக்குத் தனி டம்ளர், தனித் தட்டு எடுத்து வச்சுக்கிட்டேன். சோப்பு போட்டு அடிக்கடி கை கழுவினேன். இருமும்போது துண்டை வச்சு வாயை மூடினேன். ஆனா ராத்திரி அம்மா, ஆயா, நான் மூணு பேரும் ஒரே அறையிலதான் படுத்தோம். குளிருதுன்னு ரெண்டு ஜன்னலையும் சாத்தி, கதவுக்குக் கீழ பழைய புடவையை மடிச்சு வச்சு அடைச்சாங்க அம்மா. ரெண்டு ராத்திரி அப்படியே தூங்கினோம்.

புதன்கிழமை ஆயாவுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. 108-ஐக் கூப்பிட்டு மலையை விட்டுக் கீழ இறக்கினோம். நிமோனியா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அட்மிஷன் போடும்போது டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்ல வேற யாருக்காவது சளி, காய்ச்சல் இருந்துச்சா?" நான்தான் பதில் சொன்னேன்.

ஆயா பிழைச்சு வந்துட்டாங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா டம்ளரைக்கூட தனியா வச்ச எனக்கு அந்தக் கேள்வி மனசுல நின்னுபோச்சு. அப்போ அது எந்த வழியா போச்சு? அதைத் தேடிப் படிச்சதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

துளி விழும், தூசி மிதக்கும்

நாம பேசும்போது, பாடும்போது, இருமும்போது, சும்மா மூச்சு விடும்போதுகூட வாயிலயும் மூக்கிலயும் இருந்து ஈரத் துகள்கள் வெளிய வருது. அது எல்லா சைஸ்லயும் வரும். எது எவ்வளவு நேரம் காற்றுல நிக்கும்கிறது சைஸைப் பொறுத்தது.

ஒரு கணக்கு பாருங்க. அசைவில்லாத காற்றுல, ஒன்றரை மீட்டர் உயரத்துல, அதாவது நம்ம வாய் உயரத்துல இருந்து ஒரு துகள் விழுதுன்னு வைங்க. 100 மைக்ரான் சைஸ் துளி தரைக்கு வர சுமார் 5 விநாடி. 5 மைக்ரான் துகளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல. 1 மைக்ரான் துகளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். அதுவும் அசைவில்லாத காற்றுல. நிஜ அறையில ஃபேன் ஓடும், ஆள் நடப்பாங்க, நம்ம உடம்புச் சூட்டுலயே காற்று மேல எழும்பும். சின்னத் துகள் கீழ இறங்கவே வாய்ப்பு குறைவு.

பெரிய துளிக்கு முன்னாடி கையை வச்சா தடுத்துடலாம். சின்னத் துகள் சாம்பிராணிப் புகை மாதிரி. பூஜை மாடத்துல போட்டாலும் கொஞ்ச நேரத்துல வீடு முழுக்க மணக்கும். பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அடர்த்தியா, தூரத்துல இருக்கிறவங்களுக்கு லேசா. ஜன்னல் மூடியிருந்தா அந்த 'லேசா' நேரம் ஆக ஆக அடர்த்தி ஆயிடும்.

துண்டு, தனி டம்ளர், கை கழுவுறது எல்லாம் பெரிய துளிக்கும் தொடுதலுக்குமான பாதுகாப்பு. அதை விட்டுடாதீங்க, வயித்துப்போக்குல இருந்து பல நோய்க்கு அது அவசியம். ஆனா மூடின அறையில மிதக்கிற துகளை அது ஒண்ணும் பண்ணாது.

இதே தப்பு பெரிய அளவுல நடந்த இடம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம், ஸ்காஜிட் வேலி. 2020 மார்ச் 10 அன்னைக்கு ஒரு பாடகர் குழு ரெண்டரை மணி நேரம் பயிற்சி பண்ணாங்க. சானிடைசர் வச்சிருந்தாங்க, கட்டிப்பிடிக்கிறதைத் தவிர்த்தாங்க. வந்தவங்க 61 பேர். டெஸ்ட்ல உறுதியானவங்க, அறிகுறியை வச்சுக் கணிச்சவங்க ரெண்டும் சேர்த்து 53 பேருக்குக் கோவிட். ரெண்டு பேர் இறந்துட்டாங்க.

5 மைக்ரான் குழப்பம்

'அப்போ ஏன் 2020-ல எல்லாரும் கையைக் கழுவு, ஆறடி தள்ளி நில்லுன்னு மட்டும் சொன்னாங்க?'ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 மார்ச் 28 அன்னைக்கு உலக சுகாதார அமைப்பே கோவிட் காற்றுல பரவுறதில்லைன்னு சமூக வலைத்தளத்துல போட்டாங்க.

காரணம் ஒரு பழைய எண். பாடப் புத்தகங்கள்ல ஒரு கோடு இருந்துச்சு: 5 மைக்ரானுக்கு மேல இருந்தா துளி, அது ரெண்டு மீட்டருக்குள்ள விழுந்துடும், அதுக்குக் கீழ இருந்தாதான் காற்றுல மிதக்கும். மேல சொன்ன கணக்கைப் பாருங்க, 5 மைக்ரான் துகள் அரை மணி நேரம் மிதக்குது. அப்போ இந்த எண் எங்கிருந்து வந்துச்சு?

லின்சி மார், கேட்டி ராண்டல்னு சிலர் பழைய ஆவணங்களைத் தோண்டி 2021-ல அதை எழுதினாங்க. 1934-ல வில்லியம் வெல்ஸ்ங்கிற எஞ்சினியர் எது விழும், எது மிதக்கும்னு கணக்குப் போட்டார். அவர் போட்ட கோடு 100 மைக்ரான் பக்கத்துல. 5 மைக்ரான்கிறது காசநோய் ஆராய்ச்சியில வந்த வேற எண். காசநோய்க் கிருமி நுரையீரலோட அடி ஆழத்துக்குப் போனாதான் பிடிக்கும், அங்க வரைக்கும் போக துகள் 5 மைக்ரானுக்குக் கீழ இருக்கணும். 'ஆழத்துக்குப் போற சைஸ்'னு இருந்தது கைமாறிக் கைமாறி 'மிதக்கிற சைஸ்'னு மாறிப்போச்சு. யாரோ எழுதின கோடுல இருந்து ஒரு கான்ஸ்டன்ட்டை காப்பி பண்ணி, அது எதுக்குன்னு பார்க்காமலே வேற ஃபங்ஷன்ல போட்ட மாதிரி. நம்ம ஆபீஸ்ல நடந்தா ஒரு பக் வரும். இங்க அதோட விலை வேற.

2020 ஜூலையில 239 விஞ்ஞானிகள் கையெழுத்து போட்டுக் கடிதம் எழுதினாங்க. உலக சுகாதார அமைப்பு படிப்படியா மாத்திக்கிட்டாங்க. 2024 ஏப்ரல்ல வெளியான அறிக்கையில துளி, ஏரோசால்னு ரெண்டா பிரிக்கிறதையே விட்டுட்டு, 'தொற்றும் சுவாசத் துகள்கள்'ங்கிற ஒரே பெயருக்கு வந்துட்டாங்க.

எங்க வீட்டு அறையோட கணக்கு

இப்போ எங்க அறைக்கு வருவோம். 10 அடிக்கு 12 அடி, உயரம் 9 அடி. சுமாரா 30,000 லிட்டர் காற்று. உள்ள மூணு பேர்.

வைரஸை நேரா அளக்க வீட்டுல வழியில்லை. ஆனா ஒரு மறைமுக அளவு இருக்கு: கார்பன் டை ஆக்சைடு. வெளிக்காற்றுல அது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 420 பங்கு. நாம விடற மூச்சுல சுமார் 40,000 பிபிஎம். அறைக்குள்ள அது எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்த்தா, நாம இழுக்கிற காற்றுல எவ்வளவு பங்கு இன்னொருத்தர் நுரையீரலுக்குள்ள போய் வந்ததுன்னு கணிச்சுடலாம்.

தூங்குற ஆள் ஒருத்தர் மணிக்கு 12-ல இருந்து 15 லிட்டர் வரைக்கும் கார்பன் டை ஆக்சைடு விடறார். மூணு பேருக்கு 40 லிட்டர்னு வச்சுக்கோங்க. முழுசா அடைச்ச 30,000 லிட்டர் அறையில மணிக்கு 1,300 பிபிஎம் ஏறும். ஒன்றரை மணி நேரத்துல வெளிக்காற்றை விட 2,000 அதிகம். 2,000-ஐ 40,000-ஆல வகுத்தா 20-ல ஒரு பங்கு. அதாவது இழுக்கிற இருபது மூச்சுல ஒரு மூச்சு அளவுக்கு, ஏற்கனவே யாரோ விட்ட காற்று. கதவு இடுக்குல கொஞ்சம் கசியும்தான், ஆனா அந்த இடுக்கைத்தானே நாங்க புடவை வச்சு அடைச்சோம். ராத்திரி எட்டு மணி நேரம் ஆயா இழுத்தது அந்தக் காற்றைத்தான்.

'பனிக்காற்று பட்டா சளி பிடிக்கும்'னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. உங்க வீட்லயும் சொல்லுவாங்க. குளிர்காலத்துல சளி அதிகம்கிறது உண்மை. ஆனா பனிக்காற்றுல வைரஸ் கிடையாது. வைரஸ் இன்னொரு மனுஷன்கிட்ட இருந்துதான் வரணும். பனிக்குப் பயந்து நாம எல்லாரும் ஒரே அறைக்குள்ள அடைஞ்சுக்கிறோம் பாருங்க, அதுக்கு வேண்டியது அதுதான்.

பஸ் பற்றி ஒரு தமிழ்நாட்டு ஆய்வு

இது ஏதோ வெளிநாட்டுக் கதைன்னு நினைக்க வேண்டாம். கோவிட் முதல் அலை பற்றி உலகத்துல வந்த மிகப்பெரிய தொடர்பறியும் ஆய்வுகள்ல ஒண்ணு தமிழ்நாடு, ஆந்திரா டேட்டாவை வச்சுப் பண்ணது. ரமணன் லட்சுமிநாராயணன் குழு, 2020 செப்டம்பர்ல 'சயின்ஸ்' இதழ்ல வந்துச்சு. நோயாளிகள் 84,965 பேர், அவங்களோட தொடர்புல இருந்தவங்க 5,75,071 பேர்.

அதுல எனக்குப் பட்ட விஷயம் ரெண்டு. ஒண்ணு, நோயாளிகள்ல சுமார் 70 சதவீதம் பேர்கிட்ட இருந்து தொடர்புல இருந்த யாருக்கும் பரவலை. சிலர்கிட்ட இருந்து மட்டும் நிறைய பேருக்குப் போயிருக்கு. ஆள், இடம், நேரம் மூணும் தப்பா அமைஞ்சா ஒரே இடத்துல வெடிக்குது.

ரெண்டாவது, பயணம். ஒரே வண்டியில நோயாளிக்குப் பக்கத்துல 6 மணி நேரமோ அதுக்கு மேலயோ போனவங்கன்னு 78 பேரைத் தனியா பார்த்தாங்க. அவங்கள்ல சுமார் 79 சதவீதம் பேருக்கு வந்துச்சு. அதே ஆய்வுல, ஒரே வீட்ல இருந்தவங்களுக்கு 9 சதவீதம்தான். 78 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கை, அதனால அந்த 79-ஐ அப்படியே பிடிச்சுக்க வேண்டாம். ஆனா திசை தெளிவா இருக்கு: அடைச்ச சின்ன இடம், நிறைய ஆள், நிறைய நேரம்.

எனக்கு அந்த ஏசி பஸ்ல வந்துச்சா, ஆபீஸ்ல வந்துச்சான்னு தெரிய வழியே இல்லை. ஆனா இப்போ யோசிச்சா ஒண்ணு புரியுது. கள்ளக்குறிச்சியில இருந்து ஏறின மலை பஸ்ல நெரிசல் அதிகம், ஆனா எல்லா ஜன்னலும் திறந்திருந்துச்சு. ஏசி பஸ்ல சொகுசா படுத்து வந்தேன், திறக்கிற ஜன்னல் ஒண்ணுகூட இல்லை.

சானடோரியம் ஸ்டேஷன்

சென்னையில இருக்கிறவங்க பீச்-தாம்பரம் ட்ரெயின்ல போகும்போது 'தாம்பரம் சானடோரியம்'னு ஒரு ஸ்டேஷன் பார்த்திருப்பீங்க. அந்தப் பேர் 1928-ல டாக்டர் சவுரி முத்து அங்க ஆரம்பிச்ச காசநோய் மருத்துவமனையில இருந்து வந்தது. அப்போ காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஊருக்கு வெளிய, மரங்களுக்கு நடுவுல, திறந்த காற்றுல நோயாளியை வச்சுப் பார்த்துக்கிறதுதான் வைத்தியம். வெறும் காற்று காசநோயைக் குணப்படுத்திடாது. ஆனா பக்கத்துப் படுக்கைக்குப் பரவுறதைக் குறைக்கும்.

எவ்வளவு குறைக்கும்னு பெரு நாட்டுல, லிமாவுல அளந்தாங்க. 2007-ல வந்த ஆய்வு. 1950-க்கு முன்னாடி கட்டின ஆஸ்பத்திரிகள்ல கூரை உயரம், ஜன்னல் பெருசு. அங்க கணக்குப்படி காசநோய் தொற்றும் வாய்ப்பு 11 சதவீதம். 1970-90-ல கட்டின புதுக் கட்டடத்துல ஜன்னல் திறந்திருந்தும் 33 சதவீதம். மெஷின் வச்சுக் காற்று மாத்துற அறைகள்ல 39 சதவீதம்.

எங்க பழைய வீடு மண் சுவர், மேல கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு முழம் இடைவெளி இருக்கும். விறகடுப்புப் புகையும் மழைக்கு ஒழுகறதுமா அது ஒண்ணும் சொர்க்கம் இல்லை, திரும்பிப் போகணும்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த இடைவெளி வழியா ராத்திரி முழுக்கக் காற்று மாறிக்கிட்டே இருந்துச்சு. கான்கிரீட் வீடு கட்டினப்போ அந்த வேலையை யார் செய்யப் போறாங்கன்னு நாங்க யாரும் யோசிக்கலை.

சரி, என்ன பண்ணலாம்?

நகரத்துல இருக்கிற உங்களுக்கு முதல் விஷயம்: ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ள கொண்டுவராது. அதே அறைக் காற்றைத்தான் குளிர வச்சுத் திருப்பி விடுது. சீலிங் ஃபேனும் கலக்குமே தவிர மாத்தாது. பிஜி ரூம்ல நாலு பேர், ஜிம், சின்ன மீட்டிங் ரூம் எல்லாம் எங்க வீட்டு அறை மாதிரிதான், என்ன, குளிர்ச்சியா இருக்கும், அவ்வளவுதான்.

காற்று மாறணும்னா ரெண்டு வழி வேணும், உள்ள வர ஒண்ணு, வெளிய போக ஒண்ணு. ஒரு ஜன்னலை முழுசா திறக்கிறதை விட எதிரெதிரா ரெண்டை கொஞ்சம் திறக்கிறது நல்லது. ஒரே ஜன்னல்தான் இருக்குன்னா டேபிள் ஃபேனை அதுகிட்ட வெளியப் பார்த்து வைங்க, கதவை லேசா திறந்து விடுங்க. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விட்டாலும் உதவும். அறைக் காற்று அளவுக்குப் புதுக்காற்று மூணு முறை வந்துபோனா பழைய காற்றுல 95 சதவீதம் போயிடும். மணிக்கு ஒரு முறை மாறுற அறையில அதுக்கு மூணு மணி நேரம் ஆகும். மணிக்கு 12 முறை மாறினா கால் மணி நேரம் போதும். ஜன்னலே திறக்க முடியாத இடத்துல ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையர் துகளைப் பிடிக்கும்.

ரெண்டாவது, மாஸ்க். பங்களாதேஷ்ல 600 கிராமங்கள்ல ஒரு பெரிய சோதனை பண்ணாங்க. பாதி கிராமங்கள்ல இலவசமா மாஸ்க் கொடுத்து, போடச் சொல்லி ஊக்கப்படுத்தினதுல, மாஸ்க் போடறவங்க 13 சதவீதத்துல இருந்து 42 சதவீதமா ஏறினாங்க. அறிகுறியோட வந்த உறுதியான கோவிட் சுமார் 9 சதவீதம் குறைஞ்சுது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்கள்ல 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்குக் குறைஞ்சது 35 சதவீதம். பாதிப் பேர்கூட போடாதப்பவே இவ்வளவு. இடைவெளி இல்லாம முகத்தோட ஒட்டுற என்95 இன்னும் நல்லது. அதைத் துவைக்காதீங்க. அதுல இருக்கிற நிலைமின்சாரம்தான் சின்னத் துகளைப் பிடிக்குது, துவைச்சா அது போயிடும்.

மூணாவது, நேரம். ஃபுளூ, கோவிட் ரெண்டுமே அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே பரவ ஆரம்பிச்சுடும். அதனால 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே'ங்கிறது உத்தரவாதம் இல்லை. ஊருக்குப் போற ராத்திரி பஸ்ல மாஸ்க் போடுங்க. போய் முதல் ரெண்டு மூணு நாள் வயசானவங்களோட வெளியில, திண்ணையில உட்கார்ந்து பேசுங்க. தொண்டை கரகரன்னா உடனே அறையை மாத்துங்க, காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

நாலாவது, தடுப்பூசி. ஃபுளூவுக்கு வருஷா வருஷம் ஊசி இருக்கு. சளி வராம முழுசா தடுக்காது, ஆனா நிமோனியா வரைக்கும் போற வாய்ப்பைக் குறைக்கும். வீட்ல 60 தாண்டினவங்க, சுகர், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவங்க இருந்தா டாக்டர்கிட்ட இதைப் பற்றிக் கேளுங்க. வயசானவங்களுக்கு மூச்சு வாங்கினாலோ, சோர்ந்து எழுந்திருக்க முடியாமப் போனாலோ, குழப்பமா பேசினாலோ கஷாயம் வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. நாங்க சனிக்கிழமை வரைக்கும் காத்திருந்தோம்.

இந்த வருஷப் பொங்கல்

இந்த வருஷமும் ஊருக்குப் போனேன். பஸ்ல என்95. போனவுடனே ஜன்னலைத் திறந்தேன். ஆயா கத்தினாங்க: "ஏண்டா கண்ணு, போன தடவ காய்ச்சல்ல கொல்லப் பாத்த, இந்தத் தடவ குளிர்லயா?"

அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. வயசானவங்களுக்குக் குளிரும் ஆபத்துதான். அதனால ராத்திரி முழுக்க ஜன்னலைத் திறந்து போடறது தீர்வு இல்லை. நாங்க பண்ணது இதுதான்: பகல்ல எல்லாம் திறந்திருக்கும். படுக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து காற்றை மாத்திட்டு, ஆயா தலைமாட்டுக்கு எதிர்ப் பக்கம் உள்ள ரெண்டை மட்டும் நாலு விரல் அளவுக்குத் திறந்து விட்டோம். கதவு இடுக்குல இருந்த புடவையை எடுத்து ஆயாவுக்கே கம்பளிக்கு மேல போர்த்திவிட்டோம். நான் முதல் மூணு ராத்திரி ஹால்ல படுத்தேன்.

நாலாவது நாள் காலையில வெயில்ல திண்ணையில உட்கார்ந்து ஆயா வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். "இப்பயாச்சும் கிட்ட வந்தியே"ன்னாங்க.

அடுத்த தடவை ஊருக்கு டிக்கெட் போடும்போது பையில ரெண்டு மாஸ்க் எடுத்து வச்சுக்கோங்க.